பூங்காவனம் வீட்டுச் சூடு

எங்கள் வீட்டில் எதன்மேல் உட்காருவதானாலும் முதலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும், நாற்காலியானாலும் சரி, சுருட்டி வைத்த பாயானாலும் சரி, கவிழ்த்து வைத்த அன்னக்கூடையானாலும் சரி, ஏனென்றால் அதனடியில் ஏதாவது ஒன்று படுத்திருக்கும், படுத்திருப்பதற்கு அந்த இடத்தில் என்னைவிட உரிமை அதிகம் இருக்கும். அரிசி டிரம்முக்குப் பின்னால் சாரைப்பாம்பு குடியிருந்தது, அதனால் எலி இல்லை. பீரோவின் தலையில் உடும்பு. அம்மிக்கும் சுவருக்கும் நடுவே அரணைகள், எண்ணுவதற்கு நிற்காதவை. ஜன்னல் கம்பியில் ஒரு பச்சோந்தி நாளெல்லாம் ஒரே காலைத் தூக்கிக்கொண்டு, அடுத்த அடியை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் இரண்டு ஆமைகள் முளைக்கீரை தின்னும் சத்தம், பக்கத்து அறையில் யாரோ காகிதம் கிழிப்பது போல, என் பகல் தூக்கத்துக்குள் வந்து வந்து போகும். பல்லிகளுக்கு அளவே இல்லை. கொடியில் என் லுங்கிக்குப் பக்கத்தில் பாம்பு உரித்த சட்டை தொங்கும். எடுத்து மடிக்கும்போது இரண்டையும் ஒன்றாகவே மடித்து வைப்பாள் பூங்காவனம்.

பூங்காவனம் என் மனைவி. பதினெட்டு வருஷம் ஆயிற்று, பிள்ளை இல்லை. குடியாத்தத்தில் தோப்புத் தெருவில் எங்கள் வீடு, மூன்று தெரு தள்ளி நான் வேலை செய்யும் பேக்கரி. பொழுது சாய்ந்ததும் விறகு அடுப்பின் முன்னால் நின்றால் பன்னும் பொறையும் போட்டு முடித்து விடியற்காலையில்தான் வெளியே வருவேன், அதனால் அந்த வீட்டின் இரவுகள் எனக்குத் தெரியாது. முதலில் வால் அறுந்த பல்லி ஒன்று வந்தது என்றாள், நான் கேட்டுக்கொண்டேன். ஓணான் வந்தது என்றாள், கேட்டுக்கொண்டேன். ஆற்றங்கரையில் கல்லடிபட்டுக் கிடந்தது என்று உடும்பைத் தூக்கி வந்தபோது அதற்கு முட்டை வேண்டுமே என்றேன், அவ்வளவுதான் நான் சொன்னது. அடுப்படியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: நெருப்பிலிருந்து வந்த உடம்பு தானாக ஆறும்வரை குளிர்ந்த எதையும் தொடக்கூடாது, தண்ணீரைக்கூட, தொட்டால் நரம்பு சுருண்டுகொள்ளும். அதனால் நான் வரும் நேரத்துக்கு அவள் எல்லாவற்றையும் என் பாயிலிருந்து விரட்டிவிட்டு, தானும் தள்ளி நின்றுகொள்வாள். நான் தூங்குவேன். எழுந்தால் சாயங்காலம்.

அந்தச் சித்திரையில் எதிர்வீட்டுக் கோதண்டம் சண்டைக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அறுபதை நெருங்கியவர், முறுக்கு மீசை. அவர் வீட்டில் சாம்பாருக்கு உப்பு குறைந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"இன்னாமே பூங்காவனம், உன் உடும்பு என் தண்ணித் தொட்டி மேல குந்திக்கினு கீது. அது வாடக குடுக்குதா?"

"எறங்கி வந்துடும்ணா. உங்க வீட்டு மாடி சூடா கீது, அதான்."

"என் உடம்பே சூடாத்தான் கீது. மூணு நாளா ஜுரம். என் மேலயே வந்து குந்தச் சொல்லேன்."

சொல்லிவிட்டு அப்படியே எங்கள் கட்டிலில் சாய்ந்தார், சாய்ந்தவருக்கு நினைவு தப்பியது. உடும்பு சுவர் வழியாக இறங்கி வந்து, வாசலில் கொஞ்சம் நின்று நாக்கை நீட்டிப் பார்த்து, கட்டில் காலில் ஏறி அவர் மார்பின்மேல் நீட்டிப் படுத்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம். கோதண்டம் கண் விழித்தபோது அவர் நெற்றி மண்பானை போலக் குளிர்ந்திருந்தது, உடும்போ கை வைக்க முடியாத அளவு கொதித்தது. பூங்காவனம் அதைத் துணியில் பிடித்துத் தூக்கி பீரோமேல் வைத்தாள். கோதண்டம் மீசையைத் தடவிக்கொண்டு, பரவாயில்லையே என்றார்.

எங்கள் ஊரில் மனிதனுக்கு வருகிற எல்லா நோய்க்கும் ஒரே காரணம்தான், உடம்புச் சூடு. வாய்ப்புண் சூட்டினால், கண்கட்டி சூட்டினால், முடி கொட்டுவது, தூக்கம் வராதது, மருமகள் எதிர்த்துப் பேசுவது, மாமியார் பேசவிடாதது எல்லாமே சூட்டினால். ஆகவே கோதண்டத்தின் ஜுரம் இறங்கியது தெரிந்த மறுநாள் யாரும் ஆச்சரியப்படவில்லை, வரிசையில் நின்றார்கள். கூட்டம் கூடக்கூட கோதண்டமே தம் கடைத் துணி வெட்டுகளில் எண் எழுதி டோக்கன் கொண்டுவந்தார். முட்டை தின்றுவிட்டு வரக்கூடாது, பவுடர் பூசக்கூடாது, படுத்திருக்கையில் பேசக்கூடாது என்று வரிசையில் நின்றவர்களே விதிகள் செய்துகொண்டார்கள். கட்டிக்கு அரணை, கண் எரிச்சலுக்குப் பல்லி, கால் எரிச்சலுக்கு ஆமை, இரத்தக் கொதிப்புக்குச் சாரை என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். கோதண்டம் மட்டும் உடும்பைத் தவிர வேறெதையும் தொடவிடமாட்டார், செவ்வாய்க்கிழமைதோறும் வந்து அதையே மார்பில் போட்டுக்கொள்வார். பூங்காவனம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, முட்டையும் கீரையும் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது முதல் செம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. வனத்துறை ஜீப்பில் ஒருவர் சாக்குப் பையோடு வந்தார், இவற்றையெல்லாம் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லத் தொடங்கியவர் வாய்ப்புண்ணால் பாதியில் நிறுத்தினார், மூன்றாம் நாள் வாய் ஆறிய பிறகு சாக்குப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

என்னை மட்டும் எதுவும் தொடவில்லை. அடுப்பிலிருந்து வருகிறவன் உடம்பு, அதை ஆற்றக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

புரட்டாசியில் குழாயடிச் சண்டை நின்றது. எல்லாரும் அதை நல்ல செய்தி என்றார்கள். ஐப்பசியில் நான் வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தொடங்கினேன். குடும்பம் குடும்பமாக, குழந்தைகள் உட்பட, கிழக்கே முகம் வைத்து, பேச்சில்லாமல், வாயைக் கொஞ்சம் திறந்தபடி, வெயில் ஏறும்வரை அசையாமல். வெயில் உறைத்த பிறகுதான் ஒருவர் கையைத் தூக்குவார், இன்னொருவர் கழுத்தைத் திருப்புவார், பிறகு இறங்கிப் போய் அடுப்பு பற்ற வைப்பார்கள். யாருக்கும் வியர்க்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை சாப்பிட்டால் போதும் என்றார்கள், பேக்கரியில் பன் தேங்கியது. நாய்கள் மனிதர்கள் பக்கத்தில் படுப்பதை விட்டுவிட்டுப் பேக்கரிச் சாம்பல் மேட்டுக்குப் போய்விட்டன.

கோதண்டத்தின் மனைவி ரேணுகா மூட்டு வலிக்காரி, அவளால் எங்கள் வாசற்படி ஏற முடியாது என்பதால் ஒருமுறைகூட வந்து படுத்ததில்லை. அவள் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"தணிகாசலம், எங்க வூட்டுக்காரு மூணு வாரமா என்னத் திட்டவே இல்லப்பா."

"நல்லதுதானேக்கா."

"நல்லதுதான். ஆனா கால் புடிச்சி விட்டாருன்னா எவர்சில்வர் டம்ளர் வச்சா மாதிரி கீது. திட்டிக்கினே புடிச்சா சூடா இருக்கும்."

பூங்காவனம் யாருக்கும் முந்தியே குளிர்ந்துபோயிருந்தாள். வருகிறவர்களுக்கு டோக்கன்படி ஒரு விலங்கு. அவளுக்கோ நான் இல்லாத நேரமெல்லாம் கழுத்தடியிலும் அக்குளிலும் பல்லிகள், எத்தனையோ பல்லிகள். இப்போது நான் வந்து படுத்ததும் அவள் விலகி நிற்கவில்லை. பக்கத்தில் வந்து ஒட்டிப் படுத்தாள். முதல் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கவனித்தேன்: டியூப் லைட்டை ஒட்டிப் பல்லி படுப்பதுபோல்தான் அவள் படுத்திருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை, என் முதுகு ஆறியதும் எழுந்து வெயிலுக்குப் போய்விட்டாள்.

"பூங்கா, நிறுத்திடலாம்" என்றேன் ஒரு நாள்.

"எத்த?"

"இதெல்லாத்தையும். ஆத்துல கொண்டுபோய் விட்டுடலாம்."

"இத்தினி பேர் வராங்க. போங்கன்னு சொல்றதா?"

"உன் கை ஜில்லுனு கீது."

"வெயில் வந்தா சரியாப் பூடும்யா" என்றாள். கண்ணிமைக்காமல் சொன்னாள்.

கார்த்திகையில் வெயில் வரவில்லை. புயல் கடலிலேயே நின்றுகொண்டு மேகத்தையும் தூறலையும் மட்டும் அனுப்பியது, பதினோரு நாள் வானம் ஈயப் பாத்திரம் கவிழ்த்ததுபோல இருந்தது. மூன்றாம் நாள் கடைகள் திறக்கவில்லை. நான்காம் நாள் எங்கள் தெருவில் என்னையும் ரேணுகாவையும் தவிர யாரும் எழுந்திருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்சம்மா குடையோடு வந்து வீடு வீடாக நாடி பார்த்தாள், இருக்கிறது, மெதுவாக இருக்கிறது, போர்வை போர்த்துங்கள் என்று சொல்லிப் போனாள். போர்வை போர்த்தினேன். சூடு உள்ளவனுக்குத்தான் போர்வை, இல்லாதவனுக்கு அது வெறும் பாரம் என்பது அப்போது புரிந்தது.

பூங்காவனம் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். நானே மூட்டி வைத்த பேக்கரி அடுப்பிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துச் சாக்கில் சுற்றி ஓடிவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். கல்லின் பக்கம் திரும்பினாள், கண்ணைத் திறந்தாள், என் பெயரைச் சொன்னாள், கல் ஆறியது, கண்ணை மூடிக்கொண்டாள். அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் செங்கல் சுமந்தேன். மூன்று நாள் சுமந்தேன். ஒவ்வொரு கல்லும் அவளை முன்னதைவிடக் குறைந்த நேரமே எழுப்பியது, ஏழாம் நாள் கொதிக்கிற கல்லை வைத்தும் உதடு அசைந்ததே தவிரக் கண் திறக்கவில்லை, இன்னும் ஒரு பகல் இப்படிப் போனால் அவள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் வீடு வெதுவெதுப்பாக இருப்பதைக் கவனித்தேன். இத்தனை நாள் மழை ஈரத்திலும் என் ஈர லுங்கி ஆமை முதுகின்மேல் விழுந்து மொடமொடவென்று காய்ந்திருந்தது. பீரோவின் தகரம் உடும்பு படுத்த இடத்தில் பழுப்பேறி உரிந்திருந்தது. ஊர்ச் சூடெல்லாம் இங்கேதான் இருந்தது, யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை.

கைப்பிடித் துணிகளை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்ததும் அதிகமாகக் கொதித்ததும் உடும்புதான், அதைத் தூக்கிப் பூங்காவனத்தின் மார்பில் கிடத்தினேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம். உடும்பு கல்லாய்க் குளிர்ந்தது, அவள் கன்னத்தில் இரத்தம் ஏறியது, மூச்சு சீராக வந்தது. அவள் விழிக்கும்வரை நிற்கவில்லை. தெரு முழுக்கச் சாகக் கிடந்தது. பேக்கரித் தட்டில் சாக்கை விரித்து, மீதியை எல்லாம் அதில் எடுத்து வைத்து, தலையில் தூக்கி, விடியலில் வரும் வழியில் வீடு வீடாகப் பன் போடும் வரிசையிலேயே போனேன்: பெரிய குடும்பத்துக்குப் பெரியது, சின்னக் குடும்பத்துக்குச் சின்னது, யாருக்கும் ஆறிப்போனது கிடைக்கக்கூடாது என்ற ஒரே கவலை. எது யாருடையதை வாங்கியது என்று யோசிக்கவில்லை. அடுப்பிலிருந்து வந்தால் எல்லாப் பன்னும் ஒரே பன்தான், சூடு என்றால் சூடுதானே என்று நினைத்தேன். இருபது வருஷம் ரொட்டி சுமந்த தலை வேறெப்படி நினைக்கும். கடைசியில் எதிர்வீடு. தட்டில் பல்லிகள் மட்டும் மிச்சம், குவியலாக, சுட்ட புளியங்கொட்டைபோல. அதை அப்படியே கோதண்டத்தின் கழுத்தடியில் கவிழ்த்தேன்.

வேலை முடிந்த விலங்குகள் குளிர்ந்த உடம்போடு வாசல்களைத் தாண்டி இறங்கின, மழையில், ஒன்றின்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், ஆற்றுப் பக்கம் போயின. யாரும் தடுக்கவில்லை. திரும்பி வரவும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது பூங்காவனம் கட்டிலில் உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டிருந்தாள். கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"ரேணுகாக்கா மாத்திர போட்டாங்களா?" என்றாள்.

"யாருக்குத் தெரியும். நீ எப்படி கீற?"

"கால் வலிக்குமே அவங்களுக்கு, இந்த ஈரத்துல." எழுந்து செருப்பைத் தேடினாள். பிறகு நின்று என்னைப் பார்த்தாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல, மரியாதையாக. "எனக்கு எல்லாம் ஞாபகம் கீதுய்யா. நீ என் புருஷன். நம்ம கல்யாணம், எல்லாம். ஆனா உன்னப் பாத்தா ஒன்னும் தோண மாட்டேங்குது. நெஞ்சு அந்த வூட்டுப் பக்கமே இழுக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

போய்வா என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்; ரேணுகாவின் காலை மடியில் வைத்து, கோதண்டத்தின் குரல் அளவுக்கு உரக்க, ஏன் நேற்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளவில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டே பிடித்துவிட்டாள். ரேணுகா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெரு முழுக்க இதே கதைதான், தெரு முழுக்க என்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. மளிகைக்காரர் தம் கடையைத் திறந்து வைத்துவிட்டு, வழக்குப் போட்டிருந்த பங்காளி வீட்டில் போய்ப் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி யாரோ ஒருவருடைய இறந்துபோன மாட்டுக்காக இரண்டு நாள் அழுதாள். ரேஷன் கடை வரிசையில் பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: சாப்பாடும் தூக்கமும் கார்டில் பெயர் உள்ள வீட்டில், காலை பத்திலிருந்து நாலு வரை சூடு இழுக்கிற வீட்டில் போய் உட்காரலாம், கதவைத் தட்ட வேண்டியதில்லை. தையற்காரர் சிவலிங்கத்துக்கு வந்து சேர்ந்தது யாருடைய சூடு என்று கடைசிவரை தெரியவில்லை; வெளியூரிலிருந்து வந்து ஒருமுறை படுத்துவிட்டுப் போன எவனோ ஒருவனுடையது. பத்து மணியானால் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல், நாலு மணி வரை நிற்பார்.

எங்கள் வீட்டுக்கு, பூங்காவனத்தின் பல்லிகளைக் கழுத்தில் வாங்கிய கோதண்டம் வந்தார். முதல் நாள் வாசலிலேயே நின்றார், மீசையில் மழை சொட்டியது.

"இன்னாண்ணா?"

"தெரியலப்பா. காலு இங்க வந்து நின்னுடுச்சி." மீசையைத் துடைத்துக்கொண்டார். "சாப்டியா?" என்று கேட்டார், கேட்டுவிட்டு அவருக்கே கூச்சமாகிவிட்டது.

அதிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்காருவார். நான் தூங்குவேன். வெயில் முகத்தில் விழுந்தால் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். இதற்குள் வீட்டில் எதையும் தட்டாமலே உட்காரலாம் என்றாகியிருந்தது, அந்தச் சுத்தம் எனக்குப் பழகவில்லை. நாலு மணிக்கு அவர் எழுந்து போவார், அதே நேரத்தில் பூங்காவனம் எதிர்வீட்டிலிருந்து வந்து எனக்குச் சோறு வைப்பாள், அளவாக, அன்பாக ஒரு சத்திரத்தில் வைப்பதுபோல.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அன்று தூக்கம் வரவில்லை என்று முன்னாலேயே எழுந்துவிட்டேன். கோதண்டம் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒன்னு கேக்கட்டா. உள்ள இன்னா கீது?"

"எத்த கேக்கற?"

"அவ சூடு. என்னப் பத்தி."

"பாசம் கீது" என்றார். "இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ வாயத் தொறந்துக்கினு தூங்கறத பாத்தா உள்ள இன்னாவோ பண்ணுது. ஆனா அது கம்மிதாம்பா."

"மீதி?"

"மீதி கோவம்."

பதினெட்டு வருஷத்தில் பூங்காவனம் என்னிடம் ஒரு வார்த்தை உயர்த்திப் பேசியதில்லை. பேக்கரியில் அதைச் சொல்லி நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"எவ்ளோ கோவம்?"

"என் கோவமெல்லாம் வாய் வரைக்கும்தான், கத்துனா பூடும். இது கத்தாத கோவம். அடியில அப்படியே கனியுது. மாத்திர போட்டாலும் அடங்க மாட்டேங்குது." என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாயத் தொறந்து சொல்லிட்டா எறங்கிடும்னு தோணுது. ஆனா எறங்கிட்டா இங்க வரத்துக்கு எனக்கு ஒன்னும் இருக்காதேன்னும் தோணுது. அந்தக் கம்மி மட்டும் நிக்குமா நிக்காதான்னு தெரியல."

எதிர்வீட்டு மாடியில் பூங்காவனம் ரேணுகாவின் புடவையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள், அடுத்த புடவையை எடுத்தாள். சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் இந்த மனிதர் ஆயுசுக்கும் பத்து மணிக்கு வருவார், அவள் எனக்காக வைத்திருந்தது இந்தக் கட்டிலின் கால்மாட்டில் பத்திரமாக, திறக்காமல், எரிந்துகொண்டிருக்கும். சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் பதினெட்டு வருஷம் அவளும் இப்படித்தான் அதைத் திறக்காமல் வைத்திருந்தாள், நான் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தேன்.

தட்டைத் தள்ளி வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க."

"எங்கருந்து?"

"மொதல்லருந்து."

கோதண்டம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தெருவுக்கே கேட்கிற அந்தக் குரலை எங்கோ வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு மறுநாளே வேலைக்குப் போனியே."

"போனேன்."

"போவாதன்னு சொல்லத் தெரியாம நான் கதவாண்ட நின்னேன். நீ திரும்பிப் பாக்கல."

"பாக்கல" என்றேன். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். "அடுத்தது சொல்லு" என்றேன்.